இரும்பாயி பூட்டிய கதவுகள்

மேலப்பொட்டலுக்கு இரும்பாயி வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் சாலையில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது, காலண்டர் அச்சகத்தின் பேப்பர் குடோனுக்குள் ஒரே ஒரு மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது, அதன் கீழே நான்கு பேர் அட்டைக்கட்டுகளை மேஜைபோல அடுக்கி, மூன்று வருஷமாக வாரம் தவறாமல் ஆடிவந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூரில் பத்து வருஷம் டிசைன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஞானசிகாமணி கொண்டுவந்த ஆட்டம் அது. கட்டம் கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஆளைப் படைத்து, அந்த ஆளாகவே அந்தக் கதைக்குள் நடப்பார்கள். இன்ன ஆள், இன்ன உயரம், பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, பேச்சு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நடத்துகிறவர், 'உன் ஆள் என்ன செய்றா?' என்று கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு காயை உருட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதா நிறத்தில் நெல்லிக்காய் அளவில் இருக்கும் அந்தக் காய்.

கதையை நடத்தியது சிகாமணி. மெஷின்மேன் வேலுச்சாமி, ஆறடி உயரமும் அதற்கேற்ற தொந்தியும் உள்ள மனுஷன், இரண்டடி உயரத் திருடன் ஒருவனாக ஆடினார். பைண்டிங்கில் வேலை பார்க்கும் ஹபீபா, மீன்களோடு பேசும் மந்திரக்காரியாக ஆடினாள். பிளேட் போடும் செக்ஷனில் இருந்த குருபாக்கியம் இரும்பாயியாக ஆடினாள்.

இரும்பாயி ஒன்பதடி உயரம். ராட்சத வம்சத்தில் பாதி, மனுஷ வம்சத்தில் பாதி. கோட்டை வாசலில் காவல் நின்றவள். எந்தக் கதவையும் பூட்டுவாள், எந்தக் கதவையும் திறப்பாள். அவளுடைய தாளில் பலம் பதினெட்டு, பொறுமை பதினேழு, பேச்சு மூன்று என்று எழுதியிருந்தது. அவள் காவல் காத்த கோட்டைக்கு ஒரு ராஜா வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுத் தீ வைத்தான். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் செத்தார்கள். அந்த ராஜாவைத் தேடித்தான் இரும்பாயி மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் காடு மலையெல்லாம் நடந்துகொண்டிருந்தாள். அந்தக் கதையைப் பாக்கியம் எங்கிருந்து எடுத்தாள் என்று மற்ற மூவருக்கும் தெரியும், மூவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் இருந்த தனுஷ்கோடியின் பட்டாசு ஆலைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் போன் வந்தது. அனுமதித்த கணக்குக்கு மேல் ஏழு பெண்கள் அன்று வேலையில் இருந்தார்கள். அவர்களைச் சாமான் அறைக்குள் அனுப்பி, 'சத்தம் காட்டாம இருங்கத்தா, ஜீப்பு போகவும் வந்து திறக்கிறேன்' என்று சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். ஜீப்பு போவதற்கு முன்னால் பக்கத்து மருந்து அறை வெடித்தது. ஏழு பேரில் ஒருத்தி பாக்கியத்தின் தங்கை ஜெயக்கொடி. விசாரணையில், கதவு திறந்துதான் கிடந்தது, பெண்கள் பயத்தில் உள்ளேயே நின்றுவிட்டார்கள் என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைத்தார்கள். தனுஷ்கோடி மேற்கே இன்னும் பெரிய ஆலை கட்டினார், மண்டபம் கட்டினார், கோயில் பங்குனிப் பொங்கலில் பந்தல்காலுக்கு முதல் கை வைக்கிறவராகவும் ஆனார்.

அந்த மத்தியான ஆட்டத்தில் இரும்பாயி ஒரு குகைக்குள் இருந்தாள். "உன் ஆள் என்ன செய்றா?" என்று சிகாமணி கேட்டார்.

"வெளிய வர்றா," என்றாள் பாக்கியம். காயை உருட்டினாள். இருபது விழுந்தது.

குடோனின் இரும்பு ஷட்டர் வெளியிலிருந்து மேலே தூக்கப்பட்டது. ஒன்பதடி உயரத்தில், தோலாடையும் தழும்பேறிய முழங்கைகளுமாக, மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டை அகலத்துக்கு ஒரு தாழ்ப்பாள் தோளில் தொங்க, இரும்பாயி நின்றாள். வேலுச்சாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உள்ள வரச் சொல்லுத்தா, இல்லைன்னா ஷட்டரை இறக்கச் சொல்லு, வெயில் மூஞ்சில அடிக்குது," என்றார். உள்ளே வர அவளுக்கு வாசலின் உயரம் போதவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் ஐந்து மணி வரைக்கும் ஆடிவிட்டு எழுந்தார்கள்.

ஊருக்கு அவளை என்ன செய்வது என்று ஒரு வாரம் குழப்பமாக இருந்தது. சாமியா, மனுஷியா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். சாமி என்றால் பீடம் கட்ட வேண்டும், மனுஷி என்றால் தண்ணீர் வரி போட வேண்டும். கோயில் பூசாரி வந்து ஒரு பானை கம்மங்கூழை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். "மனுஷிதான்," என்று பூசாரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தையல்கார அம்மா ஸ்டூல் மேல் ஏறி அளவெடுத்து, நாலு சேலையை மூட்டிக் கொடுத்தாள். டீக்கடைக்காரர் அவளுக்கென்று ஒரு வாளி ஒதுக்கினார். மின்வாரியத்து ஆட்கள் கம்பி இழுக்கும்போது அவளைக் கூப்பிட்டார்கள், அவள் போனாள், ஏணிக்கு வேலை இல்லாமல் போனது. போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையா வந்து ஒரு பாரத்தை நிரப்பினார். சொந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, "கோட்டை," என்றாள். அவர் தனக்குத் தெரிந்த ஒரு கோட்டைப் பெயரை எழுதிக்கொண்டு போனார். பேச்சு மூன்றுதான் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் அவளால் முடியாது என்பது இரண்டு நாளில் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. 'சாப்பிட்டியாத்தா' என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, அதற்கு ஒரு வார்த்தை வீணாகும் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிகாமணி காயைப் பாக்கியத்தின் முன்னால் வைத்தார். எல்லாருக்கும் ஒன்று புரிந்திருந்தது: வாரம் முழுக்க இரும்பாயி கூழ் குடிப்பாள், கம்பம் பிடிப்பாள், ஆனால் அவளுடைய உண்மையான காரியம் இந்த மேஜையில் சொல்லப்பட வேண்டும்.

"உன் ஆள் என்ன செய்றா?"

பாக்கியம் தாளை மடக்கி ஓரமாக வைத்தாள். ஏழு வருஷமாக அவள் வாயில் ஒரே ஒரு பெயர் பல்லிடுக்கில் சிக்கிய நார்போலக் கிடந்தது.

"தனுஷ்கோடியைப் பூட்டுறா," என்றாள். "அந்த ஆளு எந்தக் கதவுக்குள்ள போனாலும் சரி."

பதினாறு விழுந்தது. அது போதும்.

சாயங்காலம் தனுஷ்கோடி குளிக்கப் போனார், வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் மனைவி வந்து திறந்துவிட்டாள். சாமி அறைக்குள் போனார், விழுந்தது. காருக்குள் உட்கார்ந்தார், நாலு கதவும் இறுகிக்கொண்டன, டிரைவர் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். முடிவெட்டும் கடைக்குப் போனார், அந்தக் கடைக்குத் தாழ்ப்பாளே கிடையாது, இரும்பாயி மூன்றே எட்டில் பஜாரைக் கடந்து வந்து கதவின் மேல் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டாள், கடைக்காரர் மற்றவர்களுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சவரம் செய்தார். அவள் தனுஷ்கோடியைத் தொடவில்லை, திட்டவில்லை, பூட்டினாள், அவ்வளவுதான். வேறு யாராவது வந்து திறந்தால் தடுக்கவுமில்லை. ஊரும் அதற்குப் பழகிக்கொண்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் கதவு தட்டும் சத்தம் கேட்டால், "முதலாளிதான் போல," என்று நின்று, கையில் இருக்கும் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, திறந்துவிட்டுப் போனார்கள். நாலைந்து நாளில் கொஞ்சம் அலுத்தும் போனார்கள். பால் கறக்கப் போகிறவன் திரும்பி வரும்போது திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தனுஷ்கோடி போலீஸுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கதவை வெளியே பூட்டியதற்கு என்ன செக்ஷன் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷன் கதவும் பூட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தார். அதற்கு மேல் அவரைத் தன் ஸ்டேஷன் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடியே குடோனுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வெளியே வெயிலில் நின்றார். ஒரே வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. பாக்கியம் மட்டும் எழுந்து போனாள்.

"உனக்கு என்னத்தா வேணும்? சொல்லு," என்றார்.

"யாரு பூட்டினதுன்னு சொல்லுங்க. ஊருக்கு முன்னால."

"ஏழு வருஷம் ஆச்சே பாக்கியம்."

"உங்களுக்கு ஆச்சு."

அவர் குடோன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நீ ஆலை வாசல் பைப்புக்கிட்ட குடத்தோட நின்ன. நான் தாப்பாப் போட்டதை நீ பார்த்த. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதிகாரி கேட்கவும் பார்க்கலைன்னுதானே சொன்ன? நான் உன்னைச் சொல்லச் சொல்லி அடிச்சேனா? என்னை வாயைத் திறக்க வச்சா, உன் பேரும் சேர்ந்துதான் வெளிய வரும். யோசிச்சுக்கோ."

பாக்கியத்துக்குக் காதில் ஆலைச் சங்கு ஊதுவதுபோல இருந்தது. அவள் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தாழ்ப்பாள் போட்ட கை, மோதிரம் போட்ட கை. ஜீப்பு போகட்டும், அவரே திறப்பார் என்று நினைத்தாள். பிறகு மூன்றாம் நாள், கருகிய பிணங்களை அடக்கம் செய்த மறுநாள், அதிகாரி முன்னால் நிற்கும்போது பக்கத்தில் வக்கீல் ஒருவர், "உங்க அம்மாவுக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்," என்று மட்டும் சொன்னார். அதில் இருந்த மிரட்டலை அவள் புரிந்துகொண்டாள். பார்க்கலை என்றாள். அம்மா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தாள், ஒரு நாளும் அவளிடம் அந்த விஷயத்தைக் கேட்கவில்லை. கேட்காததுதான் பாக்கியத்துக்குத் தாங்கவில்லை.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.  அந்த ஆள் மீது இருந்த வெறியும் தன் மீது இருந்த வெறியும் ஒன்றாகக் கலந்து எது எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது.

"உன் ஆள் என்ன செய்றா?" என்றார் சிகாமணி.

"இனிமே யார் வந்து திறந்தாலும் திறக்கக் கூடாது. அன்னிக்கு யார் பூட்டினதுன்னு அந்த ஆளு உண்மையைச் சொல்ற வரைக்கும் தாப்பா அசையக் கூடாது."

பத்தொன்பது விழுந்தது.

செய்தி பஜாருக்குப் போவதற்குள் தனுஷ்கோடி காரியத்தைப் புரிந்துகொண்டு, கையில் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். டவுன் பஸ்ஸுக்குக் கதவு கிடையாது. அதில் ஏறிவிட்டால் சாத்தூர், அங்கிருந்து எங்கேயாவது. ஆனால் பஸ் வரவில்லை. அரை மணி நேரம் நின்றார், முக்கால் மணி நேரம் நின்றார், வானம் திடீரென்று கறுத்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது. டைம் கீப்பர் அறைக்குள் ஒரு காலை வைத்து, "சாத்தூர் வண்டி எப்ப?" என்று கேட்டார். டைம் கீப்பர் பதில் சொல்லிக்கொண்டே பீடியைப் பற்றவைக்க வெளியே வந்தார். மழைச்சாரல் அடித்தது, தனுஷ்கோடி இன்னொரு காலையும் உள்ளே வைத்தார்.

தகரக் கதவு சாத்திக்கொண்டது. மழையில் நனைந்துகொண்டு இரும்பாயி தன் தோளில் கிடந்த தாழ்ப்பாளை எடுத்துக் கதவின் குறுக்கே போட்டாள்.

ஒரு வாரத்துக்கு மேல் அவர் அந்த அறைக்குள் இருந்தார். கம்பி ஜன்னல் வழியாக எல்லாரும் அவரைப் பார்க்கலாம். பஸ்ஸுக்கு வருகிறவர்கள் ஜன்னலோரம் நின்று, "யாரு முதலாளி பூட்டினது?" என்று கேட்டார்கள், கொஞ்ச நாளில் அது மணி என்ன என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. முதல் நாள், காற்றில் சாத்திக்கொண்டது என்றார். தாழ்ப்பாள் அசையவில்லை. இரண்டாம் நாள், பெண்கள் உள்ளே பூட்டிக்கொண்டார்கள் என்றார். அசையவில்லை. நான்காம் நாள், செத்துப்போன போர்மேன் பெயரைச் சொன்னார். தாழ்ப்பாளில் இருந்து கொஞ்சம் துரு உதிர்ந்தது, அவ்வளவுதான். வெல்டிங் பட்டறையில் இருந்து கட்டர் கொண்டுவந்தார்கள், கட்டர் தேய்ந்தது. சுவரை இடிக்கலாமே என்று ஒருவர் சொன்னார், இடித்தால் யார் கட்டுவது என்று பஞ்சாயத்து கேட்டது. அவர் மனைவி ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள், கையை வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும், "சொல்லிட்டு வந்துருங்களேன்," என்று மெல்லச் சொன்னாள். டைம் கீப்பர் வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஆள் சும்மா இருக்கும்போது மைக்கை ஏன் வீணாக்க வேண்டும் என்று அவரையே வண்டிகளை அறிவிக்கச் சொன்னார். தனுஷ்கோடியின் குரல் நல்ல கனமான குரல். எட்டயபுரம் வழி தூத்துக்குடி செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும் என்று அவர் சொல்வதைக் கேட்டுத்தான் அந்த வாரம் மேலப்பொட்டல் வேலைக்குப் போய் வந்தது.

பாக்கியம் தினமும் அச்சகத்துக்கு அந்த வழியாகத்தான் போனாள். அவர் பஸ் பெயர் சொல்வதைக் கேட்டாள். ஊர் அதற்குப் பழகிவிட்டதைப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் போனால் அவரை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் போலிருந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை சிகாமணி வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "தீ வைக்கிறா."

 ஹபீபா காயின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "அக்கா, வேண்டாம். பஸ் ஸ்டாண்டு அக்கா அது. ஜனம் நிக்கும்."

"ஜனம் நகர்ந்துக்கிடும்."

"ஜெயக்கொடி இருந்தா இதைச் செய்யச் சொல்லுமா?"

"அவ இல்லையே. கேட்க ஆள் இல்லையே ஹபீபா. கையை எடு."

ஹபீபா கையை எடுத்தாள், அழுதாள்.  சிகாமணி, பத்துக்கு மேல் விழுந்தால் நடக்கும் என்று விரலால் காட்டினார். பாக்கியம் உருட்டினாள். பதினொன்று.

இரும்பாயி ஒரு பனைமட்டைக் கட்டைப் பந்தமாகச் சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பற்றவைத்துக்கொண்டு பஜார் வழியாக நடந்தாள். பட்டப்பகலில் அந்தத் தீ வெளிறித் தெரிந்தது. பஜார்க்காரர்கள் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் மறிக்கவில்லை. டீக்கடைக்காரர் கேஸ் சிலிண்டரைப் பின்பக்கம் உருட்டினார். கொய்யாப்பழக்காரி சாக்கை நனைத்துக் கூடையின் மேல் போர்த்தினாள். டிரைவர்கள் வண்டிகளை எடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள், பெண்கள் குடங்களில் தண்ணீர் பிடித்துப் பக்கத்துக் கடை வாசல்களில் வரிசையாக வைத்தார்கள், எல்லாமே டைம் கீப்பர் அறை ஒன்று மட்டும் எரிவதற்குத் தோதாக இருந்தது. கம்பி ஜன்னல் வழியாக தனுஷ்கோடி இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் பார்த்தார். தீயைப் பார்த்தபோதுகூட அவர் அசையவில்லை, அந்தத் தண்ணீர்க் குடங்களைப் பார்த்தபோதுதான் அவர் கை மைக்குக்குப் போனது.

மைக் கரகரத்தது.

"நான்தான் பூட்டினேன்," என்றது அந்தக் கனமான குரல், பஸ் ஸ்டாண்டின் எட்டு மூலையிலும். "ஜீப்பு வருதுன்னு நான்தான் உள்ள அனுப்பி நான்தான் தாப்பாப் போட்டேன். ஜெயக்கொடி. முத்துக்கனி. பேராச்சி. காளீஸ்வரி. சுந்தரத்தாய். பெரிய மாரீஸ்வரி, சின்ன மாரீஸ்வரி. வெடிச்சதும் திறக்க ஓடினேன், கிட்டப் போகப் பயந்து நின்னுட்டேன். கத்தினாக. கேட்டுச்சு." மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "குருபாக்கியம் பார்த்துச்சு. பைப்புக்கிட்ட நின்னு பார்த்துச்சு. அதையும் கேளுங்க."

குடோனில் இருந்து ஓடிவந்த பாக்கியம் அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குள் காலை வைத்திருந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது, இரும்பாயிக்கு வழிவிட்டதைப் போலவே.

முத்துக்கனியின் அம்மா வீரம்மாள் கையில் தண்ணீர்க் குடத்தோடு முன்னால் நின்றாள். முத்துக்கனி செத்தபோது பத்தொன்பது வயது.

"பார்த்தியா?" என்றாள் வீரம்மாள்.

"பார்த்தேன் அத்தை."

"பார்த்துட்டுதானா இத்தனை வருஷம் என் வீட்டுக்கு வந்து என் கையால காப்பி வாங்கிக் குடிச்ச?"

 பாக்கியத்திடம் சொல்வதற்கு வக்கீல் வார்த்தை, அம்மா, பயம், எல்லாம் இருந்தது. அவற்றில் எதுவும் அந்தக் காப்பிக்கு ஈடாகாது. இரும்பாயி குனிந்தாள். பந்தத்தை அவளிடம் நீட்டினாள். அன்றைக்கு அவள் இன்னும் ஒரு வார்த்தையும் செலவழிக்கவில்லை.

"நீயே வை, பாக்கியம்," என்றாள்.

பந்தம் கனமாக இருந்தது, சூடு முகத்தைப் பொசுக்கியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மோதிரம் போட்ட கை கம்பியைப் பிடித்திருந்தது. வைத்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஆள் கத்துவதை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று ஏழு வருஷமாக அவள் விரும்பியதை அப்போதும் விரும்பினாள். ஆனால் அவர் கத்தி முடித்தபின் அந்தக் கதையைச் சொல்ல ஊரில் ஒரே ஒருத்திதான் மிஞ்சுவாள், பார்க்கலை என்று சொன்னவள். அவள் பந்தத்தைச் சாக்கடைக்குள் இறக்கினாள். அது சீறி அணைந்தது. உண்மை சொல்லப்பட்டுவிட்டதால் தாழ்ப்பாள் தன் பாட்டுக்கு நகரத் தொடங்கியது, பாக்கியம் தோள்பட்டையைக் கொடுத்து அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

"போலீஸ் வரட்டும்," என்றாள். "அதுவரைக்கும் இருக்கட்டும்."

மறுநாள் காலை அவள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அதிகாரியும் பதறவில்லை, மின்விசிறியைக் கூட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். மூன்று மணி நேரம் சொன்னாள், குடம் வழிந்தது வரைக்கும், தான் சொன்ன பொய் வரைக்கும். கடைசிக் கையெழுத்துப் போட்டபோது கதவு திறந்தது.

வழக்கு திரும்ப எடுக்கப்பட்டது. தனுஷ்கோடியைக் கொண்டுபோன வேனுக்குப் பக்கத்திலேயே இரும்பாயியும் நடந்து போனாள். டீக்கடைக்காரர் வழிக்குக் குடிக்க ஒரு வாளி டீ கொடுத்து அனுப்பினார். ஆறு மாதம் கழித்து தனுஷ்கோடிக்கு ஜாமீன் கிடைத்தது. ஜெயில் வாசலுக்கு வந்து, வெளியே சுவரில் சாய்ந்து நின்ற இரும்பாயியைப் பார்த்துவிட்டு, ஜாமீன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்ப உள்ளே போய்விட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் பூட்டு அரசாங்கத்துப் பூட்டு, அதைத் திறக்க நேரம் காலம் உண்டு. பாக்கியத்துக்கு அதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இல்லை என்று அவள் யாரிடமும் நடிக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரம்மாள் குடோனுக்கு வந்தாள். பாக்கியம் இருக்கும் பக்கம் பார்க்காமல், ஒரு பேப்பர் ரீம் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு ஆள் வேணும்," என்றாள்.

சிகாமணி பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் ஒரு புதுத்தாளையும் பென்சிலையும் எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"யாரு மாதிரி வேணும்மா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "முத்துக்கனி மாதிரி..."

"சே. போனதைத் திரும்ப வரவழைச்சு அதுக்கு மறுபடியும் நோகவா? வேற ஆளு. பொம்பளை. அம்பது வயசு போடு."

"பலம்?"

"பலம் என்னத்துக்கு? ஒண்ணு போடு."

"பேச்சு?"

"இருக்கிறதை எல்லாம் பேச்சுல போடு."

சிகாமணி எழுதினார்.  வேலுச்சாமி அட்டைக்கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆள் என்ன செய்றா?"

"இவ வீட்டு வாசல்ல போய் உட்கார்றா," என்றாள் வீரம்மாள். "உட்கார்ந்து என் மகளைப் பத்திச் சொல்றா. ஒரு நாள் விடாம. இவ கேட்கணும்."

காய் பாக்கியத்தின் கையில் இருந்தது. அவள் அதைத் தன் முந்தானையால் துடைத்து, வீரம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். "உருட்டுங்க அத்தை," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பாக்கியம் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, யார் சாயலும் இல்லாத ஒரு பெண் படிக்கட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பால்காரர் சைக்கிளைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரி, "வந்துட்டாளா? மோர் வேணுமான்னு கேளு, ரொம்பப் பேசுறவளுக்குத் தொண்டை காயும்," என்று குரல் கொடுத்தாள். பாக்கியம் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷக் கதை. ஒரு நாளைக்கு ஒரு நாள் கதையாகச் சொன்னால் முடியும்போது பாக்கியத்துக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும்.

"பொறந்தது ஒரு வெள்ளிக்கிழமை," என்று அந்தப் பெண் தொடங்கினாள். "தலை நிறைய முடி. அழவே இல்லை, முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினப்புறம்தான் அழுதுச்சு..."